ஆள் எடுப்பதும் வேலை தேடுவதும்: மேசையின் இரு பக்கமும் திண்டாடியவர் எழுதும் வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் வேலை தேடிக்கொண்டிருந்தேன். 5 மாதத்தில் 70-க்கு மேல் விண்ணப்பம் போட்டேன். 11 இடத்திலிருந்துதான் பதிலே வந்தது. பிறகு ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தேன். அங்கே கணக்குப் பிரிவுக்கு ஓர் ஆளைத் தேடி எடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விண்ணப்பித்த காலத்தில் எதையெல்லாம் திட்டித் தீர்த்தேனோ, அதையெல்லாம் ஒன்று விடாமல் நானே செய்தேன். ஆளை முடிவு செய்ய 16 வாரம் ஆனது. அப்படி எடுத்தவர் 7-வது வாரம் விலகிப் போனார். பட்டியலில் இரண்டாவதாக இருந்தவரைக் கூப்பிடலாம் என்றால், அவருக்கு 'இல்லை' என்றுகூட நாங்கள் சொல்லியிருக்கவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவது?

அடுத்த முறை 5 வாரத்தில் முடிந்தது. இடையில் மாற்றியதைத்தான் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். ஆள் எடுப்பவருக்கும் வேலை தேடுபவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். உங்களுக்கு உரியதை மட்டும் படித்துவிட்டுப் போகாதீர்கள். எதிர்ப்பக்கம் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். தொழிலாளர் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதை மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

1. விளம்பரத்துக்கு முன் ஒரு பக்கம் எழுதுங்கள் (ஆள் எடுப்பவர்)

எங்கள் முதல் சறுக்கல் இங்கேதான். 'நல்ல கணக்காளர் வேண்டும்' என்று விளம்பரம் போட்டோம். முதலாளிக்கு நல்லவர் என்றால் வரி விவரம் தெரிந்தவர். எனக்கு, மாதக் கடைசியில் கணக்கை முடித்துக் கொடுப்பவர். விற்பனைப் பிரிவுக்கு, பாக்கியை விரட்டி வசூலிப்பவர். மூன்று பேரும் மூன்று ஆளைத் தேடிக்கொண்டிருந்தோம். வந்த ஒவ்வொருவரையும் யாராவது ஒருவருக்குப் பிடிக்காமல் போனது.

அதனால் யாரையும் பார்ப்பதற்கு முன்பே இவற்றை ஒரு பக்கத்தில் எழுதி, முடிவெடுக்கும் எல்லோரிடமும் ஒப்புதல் வாங்குங்கள்:

- சேர்ந்த முதல் 90 நாளில் இவர் செய்து முடிக்க வேண்டியவை. 'பொறுப்பாக இருத்தல்' போன்ற சொற்கள் வேண்டாம். 'மாதக் கணக்கை 5-ஆம் தேதிக்குள் முடிப்பது' என்பதுபோல, நடந்ததா இல்லையா என்று பார்க்க முடிகிற வாக்கியங்கள்.
- கட்டாயம் தேவைப்படும் தகுதிகள், அதிகபட்சம் 5. இருந்தால் நல்லது என்பவை தனியாக.
- சம்பளத்தின் கீழ் வரம்பும் மேல் வரம்பும். பணம் ஒதுக்கியாகிவிட்டதா என்பதும்.
- யார் பார்ப்பார்கள், கடைசி வார்த்தை யாருடையது, எந்தத் தேதிக்குள் முடிவு.

கடைசி வரியை அலட்சியமாக விட்டால் பிறகு அழ வேண்டியிருக்கும். எங்கள் 16 வாரத்தில் 6 வாரம், 'அவரும் ஒரு தடவை பார்த்துவிடட்டும்' என்று வெளியூர் போயிருந்த பங்குதாரருக்காகக் காத்திருந்ததிலேயே போயிற்று.

இன்னொரு பொறி, 'குறைந்தது 5 ஆண்டு அனுபவம்' என்ற வரி. எழுதச் சுலபம், அதனால் எல்லோரும் எழுதுகிறோம். 2022-இல் பால் சாக்கெட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஆள் தேர்வு பற்றிய பழைய ஆய்வுகளை மறுபடி கணக்கிட்டுப் பார்த்தார்கள். ஒருவர் வேலையில் எப்படிச் செய்வார் என்பதை முன்கூட்டிச் சொல்வதில், அனுபவ ஆண்டுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுக்கும் உதவவில்லை. ஆண்டுக்குப் பதில், 'இன்ன வேலையைத் தனியாகச் செய்து பழகியவர்' என்று எழுதுங்கள்.

இந்த ஒரு பக்கத்துக்கு எனக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது.

2. விளம்பரத்தில் சம்பளத்தைப் போடுங்கள் (ஆள் எடுப்பவர்)

'திறமைக்கேற்ற சம்பளம்' என்று எழுதினால் என்ன நடக்கும்? உங்கள் வரம்பைவிட இரண்டு மடங்கு வாங்குபவரும் விண்ணப்பிப்பார். மூன்று சுற்று பேசி முடித்த பிறகு அவர் ஒரு தொகை சொல்வார், நீங்கள் ஒரு தொகை சொல்வீர்கள், இருவரும் சிரித்துக்கொண்டே பிரிவீர்கள். எங்களுக்கு இது இரண்டு முறை நடந்தது.

பல இடங்களில் இது இப்போது சட்டமாகவே வந்துவிட்டது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2021 ஜனவரி முதலும், நியூயார்க் நகரில் 2022 நவம்பர் முதலும் விளம்பரத்தில் சம்பள வரம்பைக் காட்டியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் நிறைவேற்றிய ஊதிய வெளிப்படைத்தன்மை நெறிமுறை, நேர்காணலுக்கு முன்பே சம்பளத்தைத் தெரிவிக்கச் சொல்கிறது. முந்தைய சம்பளம் எவ்வளவு என்று விண்ணப்பதாரரிடம் கேட்கவும் தடை போடுகிறது. உறுப்பு நாடுகள் அதைத் தங்கள் சட்டத்தில் சேர்க்க வைத்த கெடு 2026 ஜூன் 7. உங்கள் நாட்டில் கட்டாயம் இல்லாவிட்டாலும் போடுங்கள். வரம்பை ஒழுங்காகப் போடுங்கள். கீழ் எண்ணுக்கும் மேல் எண்ணுக்கும் நடுவே மூன்று மடங்கு வித்தியாசம் இருந்தால் அது வரம்பே இல்லை.

வேலை நேரம், எங்கிருந்து வேலை, எத்தனை சுற்று, விண்ணப்பிக்கக் கடைசி நாள், எப்போது பதில் வரும் ஆகியவையும் இருக்கட்டும். ஐந்து வரிக்கு மேல் ஆகாது.

3. விண்ணப்பிக்கும் முன் விளம்பரத்தைச் சேமித்து வையுங்கள் (வேலை தேடுபவர்)

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நேர்காணலுக்கு அழைப்பு வருவதற்குள் விளம்பரத்தைத் தளத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். என்ன கேட்டிருந்தார்கள், என்ன சம்பளம் போட்டிருந்தார்கள் என்று எதுவும் நினைவில் இருக்காது. விண்ணப்பிக்கும் அன்றே அந்தப் பக்கத்தைப் பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். கூடவே ஒரு விரிதாளில் நிறுவனம், பதவி, விண்ணப்பித்த தேதி, அனுப்பிய பயோடேட்டாவின் கோப்புப் பெயர், அடுத்து எப்போது நினைவூட்ட வேண்டும் என்று ஒரு வரி. எனக்கு ஒருமுறை போன் வந்து, 'எங்கள் எந்தப் பதவிக்கு விண்ணப்பித்தீர்கள்?' என்று கேட்டபோது பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த அழைப்பு அத்தோடு முடிந்தது.

4. பயோடேட்டாவை மென்பொருளும் படிக்கும்படி எழுதுங்கள் (வேலை தேடுபவர்)

நான் முதலில் செய்த பயோடேட்டா பார்க்க அழகாக இருக்கும். பக்கத்தை இடம் வலம் என்று பிரித்த இரண்டு நெடுவரிசை, வண்ணக் கோடு, திறமைக்கு நட்சத்திரக் குறி. அதை ஒரு தளத்தில் ஏற்றி, தளம் தானாக நிரப்பிய படிவத்தைப் பார்த்தால், என் பழைய நிறுவனத்தின் பெயர் 'கல்வி' என்ற கட்டத்தில் கிடந்தது. தொலைபேசி எண்ணைக் காணவே காணோம். அதைப் பக்கத்தின் மேல்குறிப்புப் பகுதியில் வைத்திருந்தேன், மென்பொருள் அதைப் படிக்கவில்லை.

ஆகவே ஒரே நெடுவரிசையில், மேலிருந்து கீழாக எழுதுங்கள். அட்டவணை, படம், மேல்குறிப்பு, கீழ்க்குறிப்பு வேண்டாம். 'பணி அனுபவம்', 'கல்வி', 'திறன்கள்' என்று எல்லோரும் வைக்கும் தலைப்பையே வையுங்கள். அச்சடித்ததை ஸ்கேன் செய்து அனுப்பாதீர்கள், அது மென்பொருளுக்கு வெறும் படம். பிடிஎஃப்பைத் திறந்து முழுவதையும் தேர்ந்தெடுத்து, வெற்று உரைக் கோப்பில் ஒட்டிப் பாருங்கள். அங்கே வரிசை குழம்பாமல் வந்தால் சரி. கோப்புக்கு உங்கள் பெயரையும் பதவியையும் வையுங்கள். 'புதியது-கடைசி-2' என்ற பெயரில் எனக்கு எத்தனை கோப்பு வந்தது என்று எண்ணவில்லை.

'மென்பொருள்தான் எல்லோரையும் நிராகரிக்கிறது' என்று ஒரு பேச்சு உண்டு. பெரும்பாலும் அது அடுக்கித்தான் கொடுக்கிறது. தானாகத் தள்ளுவது படிவத்தில் வரும் ஆம்–இல்லை கேள்விகள்: வேலை செய்ய அனுமதி உள்ளதா, இரவு நேரப் பணிக்குச் சம்மதமா, இன்ன சான்றிதழ் உண்டா. அவசரத்தில் தவறாக ஒன்றைத் தட்டிவிட்டால் அங்கேயே முடிந்தது. நிதானமாக நிரப்புங்கள்.

அப்புறம் படிப்பவர் மனிதர். வேலைத் தளமான லேடர்ஸ் 2018-இல் கண் அசைவைப் பதிவு செய்து பார்த்ததில், முதல் பார்வைக்கு ஆள் எடுப்பவர்கள் செலவழித்தது சராசரியாக 7.4 விநாடி. எனக்கும் நாற்பதாவது பயோடேட்டாவைத் தொட்டபோது அந்த அளவு பொறுமைதான் மிஞ்சியிருந்தது, மன்னிக்கவும். அதனால் முதல் பக்கத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கில், இந்த விளம்பரம் கேட்டதற்கு நேரடியான பதில் இருக்க வேண்டும். 'கணக்குகளைக் கவனித்தேன்' என்பதைவிட '3 கிளைகளின் மாதக் கணக்கை முடித்தேன், 9 நாளாக இருந்ததை 4 நாளாகக் குறைத்தேன்' என்பது கண்ணில் நிற்கும்.

அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண், வீட்டு முழு முகவரி ஆகியவற்றைப் பயோடேட்டாவில் போடாதீர்கள். வேலை உறுதியான பிறகு, கேட்டால் கொடுத்தால் போதும்.

5. சலித்தெடுப்பது (ஆள் எடுப்பவர்)

முதல் படியில் எழுதிய கட்டாயத் தகுதிகளை விரிதாளின் தலைப்பில் வைத்து, ஒவ்வொருவருக்கும் உண்டு, இல்லை, தெரியவில்லை என்று குறியுங்கள். முடிந்தால் பெயர், படம், வயது, படித்த கல்லூரி ஆகியவற்றை வேறு ஒருவரை விட்டு மறைக்கச் சொல்லிவிட்டுப் படியுங்கள். 'நான் பெயரைப் பார்த்து முடிவெடுப்பவன் அல்ல' என்று நானும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பொருளியல் ஆய்வாளர்களான மரியான் பெர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் ஏறக்குறைய 5,000 பயோடேட்டாக்களை அனுப்பிப் பார்த்த ஆய்வு 2004-இல் வெளியானது. தகுதிகள் ஒரே மாதிரி, பெயர்தான் வேறு. வெள்ளையர் பெயர்போல் ஒலித்தவற்றுக்குக் கறுப்பினத்தவர் பெயர்போல் ஒலித்தவற்றைவிட 50 சதவீதம் அதிக அழைப்பு வந்தது. அங்கே படித்தவர்களும் தங்களை நியாயமானவர்களாகத்தான் நினைத்திருப்பார்கள்.

கடைசி நாள் முடிந்து 5 வேலை நாளுக்குள் சலித்து முடியுங்கள். நல்ல ஆள் ஒரே சமயத்தில் நான்கைந்து இடத்தில் பேசிக்கொண்டிருப்பார்.

6. நேர்காணல் (இருவருக்கும்)

ஆள் எடுப்பவருக்கு: எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேளுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் சுமாரான பதில் எது, நல்ல பதில் எது என்று முன்பே எழுதி, 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுங்கள். மேலே சொன்ன 2022 ஆய்வில் பட்டியலின் உச்சியில் வந்தது இந்த வகை நேர்காணல்தான். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று ஆரம்பித்து, ஒரே கல்லூரி என்று தெரிந்ததும் அரை மணி நேரம் பழைய கதை பேசுவதும் நேர்காணல்தான். நாங்கள் எடுத்து 7 வாரத்தில் இழந்தவரை அப்படித்தான் தேர்ந்தெடுத்தோம். அருமையாகப் பேசுவார்.

மதிப்பெண்ணை ஆள் வெளியே போன அடுத்த 10 நிமிடத்தில், மற்றவர்களோடு பேசுவதற்கு முன் எழுதிவிடுங்கள். பேசிவிட்டு எழுதினால் எல்லோரும் மேலதிகாரியின் எண்ணையே எழுதுவார்கள். எத்தனை பேர் பார்ப்பது? கூகுள் தன் பழைய நேர்காணல் தரவுகளை அலசி, நான்கு பேர் பார்த்தால் போதும், அதற்கு மேல் கூடுவதால் முடிவில் பெரிய மாற்றம் இல்லை என்று கண்டது. சின்ன நிறுவனத்துக்கு இரண்டு சுற்றே தாராளம்.

செய்து காட்டச் சொல்லும் சோதனை நல்லதுதான். அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, போனால் பணம் கொடுங்கள். உங்கள் உண்மையான வேலையைச் சோதனை என்ற பெயரில் செய்து வாங்காதீர்கள்.

வேலை தேடுபவருக்கு: விளம்பரத்தில் உள்ள ஒவ்வொரு கட்டாயத் தகுதிக்கும், உங்கள் அனுபவத்தில் நடந்த ஒரு சம்பவத்தைத் தயார் செய்யுங்கள். என்ன சிக்கல், நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன ஆனது. இரண்டு நிமிடத்துக்குள் சொல்லிப் பழகுங்கள். 'நாங்கள் செய்தோம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தால் நீங்கள் செய்தது எது என்று கேட்பவருக்குத் தெரியாது. அடக்கத்தை அந்த ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள்.

கடைசியில் 'ஏதாவது கேட்க வேண்டுமா?' என்பார்கள். இந்த மூன்றையும் கேளுங்கள்: இந்த இடம் ஏன் காலியானது? நான் யாரிடம் வேலை செய்வேன், இன்று அவரைப் பார்க்க முடியுமா? எந்தத் தேதிக்குள் முடிவு தெரியும்? தேதி சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதி தாண்டி 2 வேலை நாள் பொறுத்து ஒரு மின்னஞ்சல், பிறகு ஒரு வாரம் கழித்து இன்னொன்று. அதற்கும் பதில் இல்லையென்றால் விரிதாளில் அந்த வரியை மூடிவிடுங்கள். 'நாங்களே கூப்பிடுகிறோம்' என்ற வாக்கியத்தை நம்பி மற்ற விண்ணப்பங்களை நிறுத்தாதீர்கள். நான் அப்படி நிறுத்தி 3 வாரம் வீணாக்கினேன்.

7. செலவுக் கணக்கு

ஆள் எடுப்பவர் விளம்பரக் கட்டணத்தைத்தான் செலவு என்று நினைக்கிறார். மணிக் கணக்கைப் பாருங்கள். 60 விண்ணப்பத்தை ஆளுக்கு 5 நிமிடம் படித்தால் 5 மணி. 8 பேரிடம் போனில் 30 நிமிடம் பேசினால் 4 மணி. 4 பேரை இருவர் சேர்ந்து, குறிப்பு எழுதும் நேரம் உட்பட ஆளுக்கு ஒன்றரை மணி பார்த்தால், இருவருக்கும் சேர்த்து 12 மணி. முதல் படியில் சொன்ன அந்த ஒரு பக்கம், கேள்வித்தாள், பழைய இடத்தில் விசாரிப்பது எல்லாம் 5 மணி. மொத்தம் 26 மணி நேரம். எடுத்தவர் போய்விட்டால் இன்னொரு 26.

ஏஜென்சி வழியாக எடுத்தால், கட்டணம் பெரும்பாலும் முதல் ஆண்டுச் சம்பளத்தில் ஒரு சதவீதமாக இருக்கும். அந்தச் சதவீதம் எந்தத் தொகையின் மேல் கணக்கிடப்படுகிறது, ஊக்கத்தொகையும் சேருமா, எடுத்தவர் சீக்கிரம் விலகினால் பணம் திரும்புமா அல்லது வேறு ஆள் தருவார்களா, அதற்கு எத்தனை நாள் கெடு என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தாக வாங்குங்கள்.

வேலை தேடுபவர் செலவழிக்க வேண்டியது நேரமும் போக்குவரத்தும்தான். வேலை வாங்கித் தர யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு 181-ஆவது உடன்படிக்கை, தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் நேரடியாகவோ மறைமுகமாகவோ தொழிலாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதைப் பொது விதியாக வைக்கிறது. எல்லா நாடும் அதை ஏற்கவில்லை, விதிவிலக்குகளும் உண்டு. ஆனாலும் உங்களிடம் பணம் கேட்பவரைச் சந்தேகப்பட அது போதுமான காரணம். மோசடி பல பெயரில் வரும்: பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், மடிக்கணினிக்கு முன்பணம், 'முதல் சம்பளத்தோடு திரும்பத் தருவோம்'. நேர்காணலே இல்லாமல் வேலை உறுதி என்று செய்திச் செயலியில் வரும் கடிதமும் இந்த இனம்தான். மூலச் சான்றிதழையோ பாஸ்போர்ட்டையோ கையில் வைத்துக்கொள்கிறோம் என்றால் கொடுக்காதீர்கள். காட்டலாம், நகல் தரலாம்.

8. ஆஃபர் கடிதம் கைக்கு வரும்வரை ராஜினாமா வேண்டாம் (வேலை தேடுபவர்)

'நீங்கள்தான், கடிதம் திங்கட்கிழமை வரும்' என்று போனில் சொன்னார்கள். அன்றே ராஜினாமா கொடுத்தேன். எந்தத் திங்கட்கிழமை என்று கேட்காமல் விட்டேன். கடிதம் வர 5 வாரம் ஆனது, அதில் சம்பளம் பேசியதைவிடக் குறைவு. திரும்பிப் போகவும் வழியில்லை.

கையெழுத்திட்ட கடிதம் வந்ததும் பார்க்க வேண்டியவை: பதவி, சேரும் தேதி, நிலையான சம்பளம் எவ்வளவு, இலக்கு எட்டினால் மட்டும் கிடைப்பது எவ்வளவு, தகுதிகாண் காலம், இரு தரப்புக்கும் நோட்டீஸ் காலம், விலகினால் பணம் கட்ட வேண்டுமா, விலகிய பிறகு போட்டி நிறுவனத்தில் சேரத் தடை உண்டா. 'பின்னணிச் சரிபார்ப்புக்கு உட்பட்டது' என்று ஒரு வரி இருந்தால், அது முடியும்வரை கடிதம் முழு உறுதி இல்லை. எப்போது முடியும் என்று கேட்டுவிட்டு ராஜினாமா கொடுங்கள்.

தயாராக வைக்க வேண்டியவை: அடையாள ஆவணம், கல்விச் சான்றிதழ் நகல்கள், கடைசி 3 மாதச் சம்பளச் சீட்டு, பழைய நிறுவனங்களின் அனுபவக் கடிதம், விடுவிப்புக் கடிதம், விசாரிக்க இரண்டு பேரின் பெயர். அந்த இருவரிடமும் முன்பே சொல்லி வையுங்கள். பழைய நிறுவனம் ஒன்று மூடப்பட்டு அனுபவக் கடிதம் வாங்க முடியாமல் நான் பட்ட பாடு தனிக் கதை. விலகும் அன்றே கடிதத்தை வாங்கிவிடுங்கள்.

ஆள் எடுப்பவர், வாய்மொழியாகச் சொன்ன 3 வேலை நாளுக்குள் கடிதத்தை அனுப்புங்கள். நோட்டீஸ் காலம் நீளமாக இருந்தால், நடுவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு போன் போடுங்கள். பலர் காணாமல் போவது அந்த மௌனத்தில்தான்.

9. எடுக்காதவர்களுக்குச் சொல்லுங்கள் (ஆள் எடுப்பவர்)

விண்ணப்பத்தோடு நின்றவர்களுக்கு மொத்தமாக ஒரு மின்னஞ்சல் போதும். நேரில் வந்தவர்களுக்குப் பெயர் சொல்லி எழுதுங்கள். நான் இப்போது அனுப்புவது இது:

'வணக்கம். நேரம் ஒதுக்கி வந்ததற்கு நன்றி. இந்தப் பதவிக்கு வேறு ஒருவரைத் தேர்ந்தெடுத்துள்ளோம். வரிக் கணக்கில் கூடுதல் அனுபவம் தேவைப்பட்டதே காரணம். உங்கள் விவரங்களை 6 மாதம் வைத்திருந்துவிட்டு அழித்துவிடுவோம். இப்போதே அழிக்க வேண்டுமானால் சொல்லுங்கள்.'

காரணம் முதல் படியில் எழுதிய தகுதியாக இருக்கட்டும், குணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். தேர்ந்தெடுத்தவர் கையெழுத்துப் போடும்வரை இரண்டாவது இடத்தில் உள்ளவருக்கு இதை அனுப்பாதீர்கள். அதற்காக அவரை இருட்டில் வைக்கவும் வேண்டாம். 'நீங்கள் பட்டியலில் இருக்கிறீர்கள், வெள்ளிக்கிழமைக்குள் சொல்கிறேன்' என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்வார்கள்.

முதல் முறை இரண்டாவதாக வந்தவரைக் கடைசியில் கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் வேறு இடத்தில் சேர்ந்து 3 மாதம் ஆகியிருந்தது. கோபப்படவில்லை, நலம் விசாரித்தார். வைப்பதற்கு முன், "சும்மா தெரிந்துகொள்ளத்தான் சார், அந்த வேலைக்கு எவ்வளவு சம்பளம் என்று இப்போதாவது சொல்வீர்களா?" என்றார்.